துலுக்காணத்துக்கு ஒரு நிமிடம்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய அரிசி மில் இருக்கிறது. அது ஓடி நான் பார்த்ததில்லை. கீழே இப்போது சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் கடை. மேலே, ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய நீளமான ஹாலில், ஏரிக்கரை திரைப்படச் சங்கம். இரண்டுக்கும் உரிமையாளர் அரிகிருஷ்ணன் சார். ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலெல்லாம் முன்பு எந்தக் குடும்பங்களுடையதோ அவற்றில் ஒன்று அவருடையது. வயல் பிளாட் ஆனது, பிளாட் அடுக்குமாடி ஆனது, அடுக்குமாடிக்கு சிமெண்ட் சார் கடையில் கிடைக்கிறது. உலகத்தில் எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று அவர் மேடையில் சொல்வது அனுபவத்தில்தான்.

சங்கத்தில் ஆவணப்படம் மட்டுமே போடுவோம். கதைப்படம் பொய், ஆவணப்படம் உண்மை என்பது சாரின் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு உண்மையைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமில்லை. வந்தவர்களிலும் பாதிப்பேர், உண்மை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கன் சார் விளக்கு போட்டதும் விழித்து, "இந்தப் படத்தின் மூலம் இயக்குநர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்பார். எந்தப் படத்துக்கும் பொருந்தும் கேள்வி அது. எந்த இயக்குநரும் பதில் சொன்னதில்லை.

நான் பொத்தேரியில் காலேஜ் படிக்கிறேன். சங்கத்துக்குப் போஸ்டர் செய்வது, ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டுவது, நாற்காலி போடுவது என் வேலை. இதற்குத் துணைச் செயலாளர் என்று பெயர்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்துக்கு முன் மௌன அஞ்சலி. உலக சினிமாவில் மாதத்துக்கு ஒருவராவது இறந்துவிடுவார். போலந்தில் ஓர் ஒளிப்பதிவாளர், சிலியில் ஓர் எடிட்டர். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட நாங்கள் ஒழுங்காக எழுந்து நின்றிருக்கிறோம். யாரும் சாகாத மாதத்தில் சாரின் முகம் வாடியிருக்கும்.

முறை இதுதான். பள்ளிக்கூட டீச்சரான ஜெரூஷா அக்கா விளக்கை அணைப்பார். இருட்டில் சார் பெயரைச் சொல்வார். எழுவோம். சார் தொண்டையைச் செருமி, "நன்றி, அமரலாம்" என்பார். உட்காருவோம். அவர் சொல்லாமல் யாரும் உட்கார்ந்தது கிடையாது. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஸ்ரீரங்கன் சாரின் முழங்காலுக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட இருந்தது ஹேமநாத்தின் படம். ஹேமநாத் என் சீனியர். படிப்பை முடித்து, வேலை கிடைக்காததால் இயக்குநர் ஆனவன். கோவளத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில், சந்திரிகா என்ற பெண்ணைப் பற்றி எடுத்திருந்தான். அவர் கணவர் துலுக்காணம் ஒரு விடியற்காலையில் ஃபைபர் போட்டில் தனியாகக் கடலுக்குப் போனவர். போட் மட்டும் மகாபலிபுரத்துக்குத் தெற்கே கரை ஒதுங்கியது. வலை உள்ளே மடித்தபடியே இருந்தது. ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சந்திரிகா அக்கா தாலியைக் கழற்றவில்லை. குப்பத்துப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். துலுக்காணத்தைப் பெற்ற அங்காளம்மாளே சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"பொணத்த காட்டு, கழட்றேன்."

எங்கேயோ ஒரு துறைமுகத்தில், பேர் மறந்து, புத்தி கலங்கி அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அக்காவின் நம்பிக்கை. படத்தை நாலு பேர் பார்த்தால் ஒருவராவது அடையாளம் சொல்ல மாட்டாரா என்றுதான் கேமரா முன் உட்கார ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: அவரைச் செத்தவர் என்று யாரும் சொல்லக் கூடாது. படத்திலும் கூடாது, படத்துக்கு வெளியிலும் கூடாது. ஹேமநாத் சத்தியம் செய்திருந்தான். படத்தில் அந்த வார்த்தை இல்லவே இல்லை. அரிகிருஷ்ணன் சாருக்கும் இதை விளக்கி வாட்ஸப்பில் நீளமாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான்.

சார் குரல் செய்திகளைக் கேட்பதில்லை. கட்டைவிரல் மட்டும் போடுவார்.

அக்னி நட்சத்திரம் உச்சியில் இருந்த மதியம். சந்திரிகா அக்கா பஸ் மாறி, வண்டலூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஹேமநாத்துக்காக நெத்திலிக் கருவாட்டுப் பை. ஹாலில் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, நிறைய பேர் வருவார்களா என்று என்னிடம் கேட்டார். வருவாங்க அக்கா என்றேன். உண்மையை மட்டுமே காட்டும் சங்கத்தின் துணைச் செயலாளர் நான்.

முதல் வரிசையில் உட்கார வைத்தோம். என் இடம் எப்போதும் கடைசி வரிசை, கதவோரம்.

ஜெரூஷா அக்கா விளக்கை அணைத்தார். கறுப்புத் துணிக்குப் பின்னால் வெயில் எரிந்துகொண்டிருந்தாலும் உள்ளே இருட்டு கெட்டியாக இருந்தது. பழைய தவிட்டு வாசனை, ஃபேன் சத்தம், தூரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஹாரன்கள். எல்லாம் வழக்கம்போல.

"இன்றைய படத்தின் நாயகர், கடலோடு கலந்துவிட்ட அமரர் துலுக்காணம் அவர்களுக்கு, ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்றார் சார்.

எழுந்து நின்றோம். எங்களுக்குக் கால் முதலில் எழும், காது பிறகுதான் கேட்கும். ஹேமநாத் தாழ்ந்த குரலில், "சார், வேணாம் சார்..." என்று ஆரம்பித்தான். யாரோ உஸ் என்றார்கள். மௌனத்தில் பேசக் கூடாது என்பது ஒழுக்கம். அவனும் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

முதல் வரிசையில் ஒரே ஓர் உருவம் மட்டும் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு மூச்சு உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. அது வெளியே வரவில்லை.

அப்புறம் ஹாரன்கள் நின்றன.

ஜிஎஸ்டி ரோட்டில் ஹாரன் நிற்பது இயற்கைக்கு விரோதம். கவனித்தேன். லாரி இல்லை, ரயில் இல்லை, கீழே கடையில் கம்பி போடும் சத்தம் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் சுழல்வதைக் காற்றாக உணர்ந்தேன். சத்தம் மட்டும் வரவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்தால் உலகம் எப்படித் தள்ளிப் போகுமோ அப்படிப் போயிருந்தது.

தவிட்டு வாசனையும் போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. ஈர வலை. டீசல். வெயிலில் காயாத உப்பு.

எனக்கு இடப்பக்கம், ஒரு நாற்காலி தள்ளி, இன்னொரு நாற்காலி மெதுவாகத் தரையில் இழுபட்டது.

பக்கத்தில் யாரும் இல்லை. நாற்காலிகளைப் போட்டவன் நான்தான்.

சார் தொண்டையைச் செருமுவார் என்று காத்திருந்தேன். செருமவில்லை. காலில் ஊசி குத்துவதுபோல மரத்தது. யாராவது இதை முடித்துத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, இடப்பக்கமிருந்து, நீரில் ஊறிய குரலில் ஒருவர் சொன்னார்.

"ஒக்காருங்க."

உட்கார்ந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில். ஹாரன்கள் திரும்பி வந்தன.

சந்திரிகா அக்கா எழுந்து பின்பக்கம் திரும்பினார். இருட்டில் அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது. பேசிய குரலில் பயம் இல்லை. கல்யாண வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போன புருஷனைப் பிடித்துவிட்ட கோபம்தான் இருந்தது.

"யோவ். வூட்டுக்கு வராம இங்க வந்து இன்னா பண்ணிகினு கீற?"

ஹேமநாத் லேப்டாப்பில் பிளே பட்டனைத் தட்டிவிட்டான். வேறு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் படம் போடுவார்கள். திரையில் கடல் வந்தது. அதன் வெளிச்சம் கடைசி வரிசை வரைக்கும் அடித்தது. பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டுப் பார்த்தேன்.

வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. காலி. ஆனால் அதன் இருக்கை நடுவில் குழிந்து, பின்கால்கள் கொஞ்சம் அகன்றிருந்தன. கனத்த ஆள் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

படம் முடிந்து விளக்கு போட்டதும் ஸ்ரீரங்கன் சார் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "இந்தப் படத்தின் மூலம் இயக்குநர் என்ன சொல்ல வருகிறார்?" என்றார். அவர் கேட்க நினைத்தது அதுவல்ல. வாய்க்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

சார் தனக்குத்தானே சொல்வதுபோல, "நான் சொல்லலை. உட்காரச் சொன்னது நான் இல்லை" என்றார்.

சந்திரிகா அக்கா கடைசி வரிசைக்கு வந்து, இருக்கைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கூரை ஒழுகுது போல என்று சார் ஆரம்பித்தார். வெளியே மழை பெய்து மாதக்கணக்காகிறது. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் எனக்கு வெளிச்சம் தெரிந்தது. புருஷன் கிடைத்துவிட்டார். எப்படிக் கிடைத்தார் என்பது அப்போது அவருக்கு இரண்டாம் பட்சம்.

நாற்காலியோடு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. சார் கடையின் டாடா ஏஸில் நாற்காலியை ஏற்றி, சாயாமல் இருக்கக் கயிறு கட்டினோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் ஹேமநாத்தும் எதிரில். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில், சிக்னலில் நின்ற பைக்காரர்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு குடும்பக் கதை பேசிக்கொண்டு போகும் பெண்ணைப் பார்த்தார்கள். உங்கம்மா ஆளே பாதியாயிட்டாங்க, உன் என்ஜின வித்துட்டேன், கோவிச்சிக்காத என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கண்டிகை தாண்டும்போது இருக்கையில் ஈரம் குறைந்திருந்தது. மாம்பாக்கத்தில் ஓரத்தில் மட்டும் இருந்தது. கேளம்பாக்கத்தில் நாற்காலி காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

குப்பத்தில் அதை வீட்டுக்குள் வைத்தபோது ஜெரூஷா அக்காவிடமிருந்து போன் வந்தது. ஹாலைப் பூட்டப் போனாராம். கடைசி வரிசையில், அதே இடத்தில், வேறொரு நாற்காலி நனைந்திருக்கிறதாம்.

"எங்க கூப்டாங்களோ அங்கதான் வருவாரு" என்றார் அங்காளம்மாள், வாசலில் உட்கார்ந்தபடி. பிறகு மருமகளைப் பார்த்து, "நாம கூப்டவே இல்லியேடி. காத்துகினுதான இருந்தோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். தவறாகச் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்பது சாரின் யோசனை. பத்திரிகையில் மறுப்பு போடுவதில்லையா? விளக்கை அணைத்தோம். சார் எழுந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துப் பேசினார். கடந்த கூட்டத்தில் திரு. துலுக்காணம் அவர்களை அமரர் என்று குறிப்பிட்டது தவறு என்றும், அவர் நலமுடன் இருப்பதாகவே சங்கம் கருதுகிறது என்றும், நேர்ந்த பிழைக்கு வருந்துவதாகவும் அறிவித்தார். ஆவிக்கு வருத்தம் தெரிவித்த முதல் திரைப்படச் சங்கம் நாங்களாகத்தான் இருப்போம்.

ஹாரன்கள் நின்றன.

ஈர வலையின் நாற்றம். நாற்காலி முனகியது.

சந்திரிகா அக்கா இம்முறை கடைசி வரிசையில், அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கும் அதற்கும் நடுவில் அவர். அவர் கிசுகிசுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இத்தினி நாளு எங்கய்யா இருந்த?"

சொட்டும் சத்தம் மட்டும்.

"வந்துகினுதான் இருந்தேன்."

"எங்கேந்து?"

"தெர்ல. தண்ணிதான் எங்கியும். கர தெரிஞ்சிது. நம்ம கோயில் வெளக்குகூட தெரிஞ்சிது."

அக்காவின் வளையல் சத்தம் நின்றது. அவர் அடுத்ததைக் கேட்க வேண்டாம் என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பறம்? எப்ப செத்த?"

"நீங்க அல்லாரும் எந்திரிச்சி நின்னீங்களே. அப்பதான்."

முன்வரிசையில் சார் கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

ஜெரூஷா அக்கா விளக்கைப் போட்டபோது சந்திரிகா அக்கா அழவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடையாளம் பார்ப்பதுபோல. கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, நனைந்த நாற்காலியில் வைத்தார். அப்புறம் சார் எதிரில் போய் நின்றார்.

"எனக்கும் ஒரு தபா நில்லுங்க."

சாருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு கையையும் ஆட்டினார். "அய்யோ, என்னம்மா நீங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு நிக்கக் கூடாதும்மா."

"அவருக்கு நின்னீங்களே?"

அக்கா கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. அவர் வூட்டுக்கு வர முடியாது, நானாவது அவர்கிட்ட போறேன், ஒரு நிமிஷ வேலதான என்று கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிவிட்டோம். சார் ஹாலைப் பூட்டினார். சங்கம் கலைக்கப்பட்டதாக வாட்ஸப்பில் போட்டார். நாங்கள் எல்லோரும் கட்டைவிரல் போட்டோம்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வந்தார். பூட்டிய ஹாலின் படியில் உட்கார்ந்திருப்பார். சிமெண்ட் வாங்க வருகிறவர்களிடம், அண்ணா, எனக்காக ஒரு நிமிஷம் நிப்பீங்களா என்று கேட்பார். அவர்கள் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருப்பார்கள். எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போவார்கள். ஹேமநாத் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிப் பார்த்தான். படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னான். இனிமே எதுக்கு அழிச்ச, இருக்கட்டுமே தம்பி என்றாராம். அவன் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் மனசு கேட்காமல் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரே ஒரு தடவை ஹாலைத் திறப்பது. அவர் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளட்டும். ஜெரூஷா அக்காவிடம் இருந்த பென் டிரைவில் படம் மிச்சமிருந்தது, அதையும் பார்க்கட்டும். அதோடு முடித்துவிட வேண்டும். எது நடந்தாலும் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. இதை சார் இரண்டு முறை சொன்னார். எங்களில் அதிக பத்திரமானவர் ஸ்ரீரங்கன் சார்தான் என்று முடிவானது. அவரை எழுப்பவே இரண்டு ஆள் வேண்டும். ஹேமநாத் தன் பெல்ட்டைக் கழற்றி நாற்காலியோடு சேர்த்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். சிரிப்பு வந்தது. நானும் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சந்திரிகா அக்கா அரக்குப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லி வைத்து வந்தார். விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல இருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்னா தம்பி, இப்டி புச்சிகினு கீற? சேர் ஓடிடுமா?" என்று கிண்டல் செய்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. திரையில் இருந்த சந்திரிகா, எங்கியோ இருக்காரு, வருவாரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் இருந்த சந்திரிகா ஒன்றும் பேசவில்லை.

பாதிப் படத்தில் திரையின் குரல் அறுந்தது. வாய் மட்டும் அசைந்தது.

ஹாரன் இல்லை. ஃபேன் இல்லை.

உப்பு.

"யோவ்" என்றார் அக்கா, மெதுவாக. "இவங்க மாட்டாங்களாம். நீயே சொல்லு."

சொட்டு. சொட்டு.

"வாணாம்."

"சொல்லுய்யா."

"வாணாம் சந்திரி. இங்க ஒண்ணுமே இல்ல."

"நீ கீறல்ல?"

அதற்கப்புறம் வந்த மௌனம்தான் நான் கேட்டதிலேயே நீளமானது. ஒரு ஆண் அழுதால் தோள் குலுங்குமே, அப்படி அந்த நாற்காலி குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கைகளை இன்னும் இறுக்கினேன்.

"எந்திரிங்க."

முதலில் எழுந்தவர் ஸ்ரீரங்கன் சார். யாரும் தூக்கிவிடவில்லை. சின்னப் பையனைப்போல ஒரே எழல். அடுத்து சார். அடுத்து ஜெரூஷா அக்கா. ஹேமநாத் நாற்காலியை இடுப்பில் தொங்கவிட்டபடி எழுந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் முடிவெடுப்பதற்கு முன்பே என் முழங்கால்கள் நிமிர்ந்துவிட்டன.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. படம் முடிந்தது. புரொஜெக்டரின் வெறும் நீல வெளிச்சம் எல்லோர் முதுகிலும் விழுந்தது. உட்காரச் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தோம்.

வரவில்லை.

ஜெரூஷா அக்கா நின்றபடியே நகர்ந்து போய் விளக்கைப் போட்டார். சந்திரிகா அக்கா பக்கத்து நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்திருந்தார். கூந்தலிலிருந்தும் பட்டுப் புடவையிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காய்ந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். புடவை ஏன் நனைந்திருக்கிறது என்று நர்ஸ் கேட்டார். கூரை ஒழுகுது என்றார் சார். இம்முறை அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அங்காளம்மாள் வந்து, மருமகளின் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சத்தம் போயிற்று. அம்மா வாய் அசைகிறது, டிவியில் யாரோ சிரிக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மூக்கில் உப்பு ஏறியது. மூச்சு எடுக்க முடியவில்லை. எழுந்தேன். எல்லாம் திரும்பி வந்தது.

அதிலிருந்து எங்களில் யாராலும் உட்கார முடியவில்லை. படுக்கலாம், படுத்தால் ஒன்றும் செய்வதில்லை. உட்காரத்தான் அனுமதி இல்லை. சார் கடையில் கல்லா அருகே நாள் முழுக்க நிற்கிறார். வியாபாரத்தில் சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கன் சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கால் இரண்டும் வீங்கிவிட்டன. நான் வகுப்பில் கடைசியில் நிற்கிறேன். மூலம் என்று சொல்லியிருக்கிறேன். காலேஜே சிரித்தது. சிரிக்கட்டும். சார் ஒருநாள் தனியாக ஹாலுக்குப் போய், விளக்கை அணைத்து, தொண்டையைச் செருமி, "நன்றி, அமரலாம்" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாராம். சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் மூச்சுத் திணறித் தரையில் உருண்டார். ஹேமநாத் குப்பத்துக் கடற்கரையில் நின்று, அண்ணே, ஒக்காருங்கன்னு சொல்லிடுங்கண்ணே என்று கத்திவிட்டு வந்தான். கடல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

நேற்று மதியம் பொத்தேரியிலிருந்து தாம்பரம் வண்டியில் வந்தேன். கூட்டமில்லாத நேரம். பெட்டி பூரா சீட் காலி. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும்தான் கவனித்தேன். எதிர் வாசலில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். நடுவில், காலி அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மீன்காரம்மா. நான்கு பக்கமும் காலி சீட்டுகள். யாரும் உட்காரவில்லை.

எங்கள் சங்கத்துக்கு இவர்கள் வந்ததே கிடையாது. வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது; வருகிறவர்களே அவ்வளவு பேர்தான்.

வேட்டிக்காரரின் கால் நடுங்கியது. களைப்பு. நாள்கணக்கில் நிற்கிறவர்களுக்கு மட்டும் வருகிற நடுக்கம் அது, எனக்குத் தெரியும். அவர்கள் நின்ற இடத்தில் பெட்டியின் தரை ஈரமாக இருந்தது.

ஊரப்பாக்கத்தில் வண்டி நின்று கிளம்பியது. மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் கம்பி கம்பியாகப் பிடித்து நடந்து என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டார்.

"தம்பி, இன்னும் சொல்லலையா?"